விமானங்களின் குரலைப் பிடிக்க: 1090 மெகாஹேர்ட்ஸ் சைகைச் சங்கிலியை மேசையில் அடுக்கிப் பார்ப்போம்

வணக்கம் நண்பர்களே. பலாலிக்கு வந்து போகும் விமானங்களும் நம் தலைக்கு மேலே உயரத்தில் கடந்து செல்லும் விமானங்களும் தங்கள் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் 1090 மெகாஹேர்ட்ஸில் இடைவிடாது அறிவித்துக்கொண்டிருக்கின்றன. யாழ்ப்பாணத்து மொட்டைமாடி ஒன்றிலிருந்து அவற்றைப் பிடிப்பதற்கான சைகைச் சங்கிலியை, அதாவது அன்ரெனாவிலிருந்து கணினி வரை சைகை கடந்து செல்லும் பாகங்களின் வரிசையை, அச்சுச்சுற்றுப் பலகை செய்யக் கொடுப்பதற்கு முன்பே, தனித்தனி மொடியூல்களை இணைத்துச் சோதிப்பது எப்படி என்பதை இன்று பார்ப்போம்.

பிரெட்போர்ட் இங்கே உதவாது. அதன் பக்கத்துப் பக்கத்து வரிசைகளுக்கிடையே 2 பிக்கோபரட் கொள்ளளவம் இருந்தாலே, 1 கிகாஹேர்ட்ஸில் அது ஏறத்தாழ 80 ஓமாகத் தெரியும். 50 ஓம் சுற்றில் சைகை அந்த வழியாகவே கசிந்துவிடும். ஆகவேதான் அம்பிளிபயர், பில்ரர், மிக்சர் என ஒவ்வொன்றையும் உள்ளும் புறமும் 50 ஓமுக்குப் பொருந்திய சிறு பலகையாக வைத்துக்கொண்டு கோக்கிறோம். பெரிய ஆய்வுகூடங்களில் துளையிட்ட உலோகத் தட்டின்மேல் திருகிப் பொருத்தும் மொடியூல்கள் உண்டு. நம் கைக்கு எட்டுபவை இருமுனையிலும் எஸ்எம்ஏ எனும் திருகிப் பூட்டும் சிறு கொனெக்ரர் உள்ள மலிவான பலகைகள். அடிப்படை ஒன்றுதான்.

இந்த முறையின் உண்மையான பலன், வரிசையை நினைத்தபடி மாற்றிப் பார்க்க முடிவதில் இருக்கிறது. என் மேசையில் உள்ளவற்றைப் பாருங்கள்: 0.6 டெசிபல் இரைச்சல் எண்ணும் (ஒரு பாகம் தானே எவ்வளவு இரைச்சலைச் சேர்க்கிறது என்ற அளவு, குறைவாக இருப்பதே நல்லது) 18 டெசிபல் பெருக்கமும் கொண்ட அம்பிளிபயர், 2 டெசிபல் இழப்புள்ள பில்ரர், இறுதியில் கணினியில் செருகும் வானொலி வாங்கியான யூஎஸ்பி டொங்கிள். டொங்கிளின் இரைச்சல் எண்ணை 6 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். பெல் ஆய்வுகூடத்தின் ஹரால்ட் ஃபிரிஸ் 1944இல் வெளியிட்ட சூத்திரத்தில் இவற்றைப் போட்டால், பில்ரர் முன்னால் நிற்கும்போது முழுச் சங்கிலியின் இரைச்சல் எண் ஏறத்தாழ 2.8 டெசிபல், அம்பிளிபயர் முன்னால் நின்றால் 0.9 டெசிபல் மட்டுமே. அதே மூன்று துண்டுகள்தான், புதிதாக எதையும் வாங்கவில்லை.

அப்படியானால் அம்பிளிபயரையே எப்போதும் முன்னால் வைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கைபேசிக் கோபுரங்கள் 935 முதல் 960 மெகாஹேர்ட்ஸ் வரை அனுப்பும் வலுவான சைகை நம் மீடிறனுக்கு மிக அருகில் இருக்கிறது. அது அம்பிளிபயரைத் திணறடித்து உள்ளே புதிய கலவைகளை உண்டாக்கிவிட்டால், பின்னால் எவ்வளவு நல்ல பில்ரரை வைத்தாலும் பழுது தீராது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழியுண்டு: அம்பிளிபயருக்கு முன்னால் ஒரு 3 டெசிபல் தணிப்பானைச் செருகுங்கள். விமானச் சைகை 3 டெசிபல் மட்டுமே குறைய, அம்பிளிபயருக்குள் உண்டாகும் மூன்றாம்படிக் கலவைகள் 9 டெசிபல் குறையும். சைகையைக் குறைத்த பின்னரும் கிடைக்கும் விமானச் செய்திகள் கூடினால், அம்பிளிபயர் திணறுகிறது என்று உறுதியாகச் சொல்லலாம். என் கருத்தில், நகருக்குள் இருப்பவர்கள் 1 டெசிபலுக்குக் குறைவான இழப்புள்ள பில்ரரை முன்னால் வைப்பதே மேல். நெடுந்தீவு போன்ற வெட்டவெளியில் அம்பிளிபயர் முன்னால் நிற்கட்டும்.

அடுத்து, இணைப்புகளும் சுற்றின் ஒரு பகுதிதான். கமராவை அருகே கொண்டுவருகிறேன். எஸ்எம்ஏயின் நடு ஊசி நேராக இருக்கிறதா, பொன்முலாம் கறுத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள், ஏனெனில் நம் கடற்காற்றின் உப்பு இதை விட்டுவைக்காது. பூட்டும்போது வெளிச்சுரையை மட்டும் திருப்புங்கள். உடலைத் திருப்பினால் ஊசி உள்ளே அரைபட்டுத் தேயும்.

பிறகு நனோவிஎன்ஏயை, அதாவது சைகை எவ்வளவு கடக்கிறது, எவ்வளவு தெறிக்கிறது என்று அளக்கும் சிறு கருவியை, கேபிளின் நுனியில் அளவுதிருத்தி, மொடியூல்களை ஒவ்வொன்றாகவும், அதன்பின் முழுச் சங்கிலியாகவும் அளந்துகொள்ளுங்கள். அம்பிளிபயரை அளக்கும்போது அதன் உள்வாயிலில் 20 டெசிபல் தணிப்பான் இருக்க வேண்டும். தனித்தனி டெசிபல்களைக் கூட்டியதும் முழு அளவீடும் ஒத்துவராவிட்டால், துண்டுகளுக்கு நடுவே சைகை முன்னும் பின்னும் தெறிக்கிறது என்று பொருள். எதிரெதிர் நிற்கும் இரு முகங்களின் தெறிப்பிழப்பும் (தெறித்துத் திரும்பும் சைகை வந்ததைவிட எவ்வளவு குறைவு என்ற அளவு) 10 டெசிபல் என்றால் வளைகோட்டில் 1.7 டெசிபல் வரை அலைவு தோன்றும். நடுவே 3 டெசிபல் தணிப்பான் வைத்தால் அது பாதியாகும்.

இனிப் பலகைக்கு வருவோம். 1.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள எஃப்ஆர்4 எனும் வழக்கமான கண்ணாடியிழைப் பலகையில் 50 ஓம் தடம் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் அகலம் கொண்டது. 1090 மெகாஹேர்ட்ஸில் அதன்மேல் கால் அலைநீளம் 4 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. கொனெக்ரர்கள் நீங்கி இடைவெளிகள் சுருங்குவதால், மேசையில் கண்ட அலைவின் மேடும் பள்ளமும் இடம் மாறும். ஆகவே பில்ரருக்கும் அம்பிளிபயருக்கும் நடுவே 3 டெசிபல் தணிப்பானுக்கான மூன்று தடைகளுக்கு, அதாவது தொடராக 18 ஓமும் இருபுறமும் நிலத்துக்கு 300 ஓமும் வைக்க, வரைபடத்திலேயே இடம் விடுங்கள். பில்ரர் முன்னால் நிற்கும் சங்கிலியில் அந்த 3 டெசிபல் அப்படியே இரைச்சல் எண்ணில் ஏறும் என்பதால், முதலில் தொடரிடத்தில் 0 ஓமை வைத்து மற்ற இரண்டையும் வெறுமையாக விட்டு அளந்து, அலைவு தாங்க முடியாததாக இருந்தால் மட்டும் தடைகளைப் பொருத்துங்கள்.