மலையிறங்கும் மாடுகள்
(மட்டக்களப்பு மாவட்டம் செங்கலடியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம். சுவிஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்வந்தவன் என்பதால், நான் பனிமலையைப் பற்றிப் பேசுவேன் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். பனிமலையை நம் பிள்ளைகள் அனுப்பும் படங்களிலேயே வேண்டிய மட்டும் பார்த்துவிட்டோம். தூன் ஏரிக்கு மேலே சிக்ரிஸ்வில் என்னும் மலைக்கிராமத்தில் சில நாள் தங்கிவிட்டு, செப்டெம்பர் மாதத்தில் மகள் குடும்பத்தோடு பேர்ண் நகருக்குத் திரும்பிய நாளைப் பற்றியே சொல்ல வந்தேன். அன்று மலையிலிருந்து மாடுகளும் இறங்கின.

எங்கள் பேருந்தைச் சாரதி ஓரமாக நிறுத்தினார். எதிரே வந்த முதற் பசுவின் கழுத்தில் ஒரு பானையளவு மணி. கொம்புகளுக்கிடையே ஊசியிலைக் கொப்பும் பூவும் வைத்துக் கட்டிய முடி. பின்னால் வந்தவை வீதி முழுவதையும் அடைத்துக்கொண்டு, சாணம் போட்டபடி, தம் நடையிலேயே வந்தன. ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. மலையில் அந்தக் கோடையில் உயிரிழப்பு நேர்ந்திருந்தால் பூச்சூட்டாமலே இறக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு என்று மருமகன் சொன்னார். கோடை தொடங்கும்போது மாடுகளை மலைப்புல்வெளிக்கு ஏற்றி, இலையுதிர் காலத்தில் இறக்கும் இந்த வாழ்முறையை யுனெஸ்கோ 2023இல் மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

பூவையும் மணியையும்விட என்னைக் கவர்ந்தது அதன் கணக்கு. சிக்ரிஸ்விலுக்கு அருகிலுள்ள யுஸ்டிஸ் பள்ளத்தாக்கில், பல குடும்பங்களின் பசுக்கள் கோடை முழுவதும் ஒன்றாக மேய்கின்றன. பாலை ஒன்றாகக் காய்ச்சிச் சீஸ் செய்கிறார்கள். இறங்கும் காலத்தில் அந்தச் சீஸ் வட்டுகளை அடுக்கடுக்காக வைத்து, அவரவர் பசு கொடுத்த பாலின் அளவுக்கேற்பச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள். வலே மாநிலத்துத் தோர்பெல் என்னும் ஊரில் 1517இலேயே ஒரு விதி எழுதப்பட்டது: குளிர்காலத்தில் ஒருவர் தம்மிடமுள்ள தீனியைக் கொண்டு எத்தனை மாடுகளைக் காப்பாற்ற முடியுமோ, அதற்கு மேல் ஒரு மாட்டையும் பொதுப்புல்வெளிக்கு அனுப்பக்கூடாது. பொதுநிலத்தை மக்களே கட்டிக்காக்க முடியும் என்று காட்டி 2009இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரம் அம்மையார் எடுத்துக்காட்டிய ஊர்களில் அதுவும் ஒன்று.

இதைக் கேட்டு நாம் வாய்பிளக்க வேண்டியதில்லை. பெரும்போக வெள்ளாமை விதைக்கும் காலத்தில் பட்டிகளை வயல்வெளியிலிருந்து அப்புறப்படுத்தி மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைப் பக்கம் கொண்டுபோவதும், அறுவடை முடிந்தபின் அரிதாள் நிற்கும் ஒட்டுக்குள் விடுவதும் நமக்குப் புதியவையா? இன்னாருடைய மாடு என்று குறியைப் பார்த்தே சொல்லும் முல்லைக்காரர், அதாவது பட்டி மேய்ப்பவர்கள், இந்த அவையிலும் இருக்கிறார்கள். அங்கே குளிர் மாட்டை இறக்குகிறது; இங்கே வெள்ளாமை அதை ஏற்றுகிறது. ஆனால் அவர்களுடைய வழக்கம் ஏட்டில் ஏறிவிட்டது. நம்முடையது வயற்சொந்தக்காரரான போடியாருக்கும் முல்லைக்காரருக்கும் இடையிலான வாய்ச்சொல்லாகவே நின்றுவிட்டது. மேய்ச்சல் தரை பறிபோகிறது என்று 2023 செப்டெம்பரில் நம் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் குந்தியபோது, அந்த வாய்ச்சொல்லை யாரிடம் எடுத்துக் காட்டுவது என்ற கேள்வி எழுந்தது. நிலத்தைக் காக்க ஏடு மட்டும் போதும் என்று நான் நம்பவில்லை. ஏடு இல்லாதவனின் வழக்கு எடுபடுவது அதைவிடக் கடினம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். எந்த ஊர்ப் பட்டி எந்த வழியால் போனது, எந்த மடுவில் தண்ணீர் காட்டினார்கள், எந்த மாதத்தில் திரும்பினார்கள் என்பவற்றை முல்லைக்காரப் பெரியவர்களிடம் கேட்டு எழுதும் வேலையை இந்தக் கூட்டத்திலேயே தொடங்க நினைக்கிறேன். வாசலருகே ஒரு கொப்பியும், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் வரைபடமும் வைத்திருக்கிறோம். வழி தெரிந்தவர்கள் போகுமுன் அதில் கோடு போட்டு, ஊர்ப்பெயரை எழுதிவிட்டுப் போங்கள். எழுத இயலாதவர்கள் சொல்ல, பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.