பசளை மட்டும் போதாது: நீரேரிப் பாசியும் விற்றமினும்

வணக்கம் உறவுகளே. முல்லைத்தீவின் நந்திக்கடல் நீரேரி ஓரத்தில், வட்டுவாகல் பாலத்தடியில் நின்று பேசுகிறேன். என் கையிலுள்ள சோடாப் போத்தலில் சற்றுமுன் அள்ளிய தண்ணீர் இருக்கிறது. வெயிலுக்கு நேரே பிடித்தால், அரிசி கழுவிய நீரில் பச்சை கலந்தாற்போலச் சேறும் நுண்பாசியும் சேர்ந்த ஒரு மங்கல் தெரிகிறது.

மாரிகால நெற்செய்கையான காலபோகத்தில், வளரும் பயிருக்கு எறியும் மேற்கட்டுப் பசளையில் பயிர் எடுத்தது போக மிஞ்சுவது மழையோடு வாய்க்கால் வழியே நீரேரிக்கு வருவதும், அதிலுள்ள நைதரசனால் பாசி பெருகுவதும் நாம் அறிந்தவையே. ஆனால், பசளை கிடைத்தால் மட்டும் எல்லாப் பாசியும் பெருகிவிடாது. 2005இல் பிரித்தானிய விஞ்ஞானிகள் 326 பாசி இனங்களைப் பற்றிய தரவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, அவற்றுள் 171 இனங்களுக்கு விற்றமின் பி12 வெளியிலிருந்து கிடைத்தே ஆகவேண்டும் எனக் கண்டார்கள். இந்த விற்றமினை மரஞ்செடியோ விலங்கோ ஆக்குவதில்லை. சிலவகைப் பற்றீரியாக்களும் அவற்றையொத்த ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்களுமே ஆக்குகின்றன. பாசி கசியவிடும் வெல்லத்தை உண்டு வாழும் பற்றீரியா, பதிலுக்குப் பாசிக்கு விற்றமினைக் கொடுக்கிறது.

கடல்நீரில் இந்த விற்றமின் இருக்கும் அளவைக் கேட்டால் வியப்பீர்கள். அதை அளக்கும் அலகு பிக்கோமோல், அதாவது மோல் என்னும் வேதியியல் அலகின் இலட்சங்கோடியில் ஒரு பங்கு. ஒரு கிராம் பி12ஐ ஏறத்தாழ 74 கோடி லீற்றர் நீரில் கரைத்தால் வரும் செறிவுதான் லீற்றருக்கு ஒரு பிக்கோமோல். கடலில் அது இந்த மட்டத்திலேயே, சில பிக்கோமோல்களாகவோ அதனிலும் குறைவாகவோ இருக்கிறது. நியூயோர்க்கின் லோங் ஐலண்ட் கரையோரக் குடாக்களின் நீரில் விஞ்ஞானிகள் பி12 சேர்த்துப் பார்த்தபோது, பருமன் கூடிய நுண்பாசிகள் பெருகின. மிகச் சிறியவை அப்படிப் பெருகவில்லை. ஆகவே எவ்வளவு பாசி வளரும் என்பதைப் பசளை தீர்மானித்தாலும், எந்தப் பாசி வளரும் என்பதில் விற்றமினுக்கும் பங்குண்டு. இறால் பிடித்து வாழும் நமக்கு இந்த வேறுபாடு சிறியதன்று. தீங்கு விளைக்கும் பாசிப்பெருக்கை உண்டாக்கும் 27 இனங்களை 2010இல் சோதித்தபோது, 26 இனங்களுக்குப் பி12உம், 20 இனங்களுக்கு இன்னொரு விற்றமினான பி1உம் தேவைப்பட்டன.

வற்றாப்பளை அம்மனுக்குக் கடல்நீரில் விளக்கேற்றும் ஊரார் நாம். அந்த நீரில் என்ன கரைந்திருக்கிறது என்று கேட்கும் உரிமையும் நமக்குண்டு. நீர்ச் சோதனை என்றால் நைத்திரேற்று, பொசுபேற்று என்பவற்றோடு நிறுத்திவிடும் வழக்கம் எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. விற்றமினை அளக்க நுண்ணிய கருவிகள் வேண்டும், அவை நம் கையில் இல்லை. ஆயினும் நிறம் மாறிய நாள், அதற்கு முன் மழை பெய்த நாள், நீரேரி கடலோடு சேரும் தொடுவாய் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்ற மூன்றையும் கொப்பியில் குறித்து வைக்கலாம். கொக்கிளாய், நாயாறு நீரேரிப் பக்கம் உள்ளவர்களும் குறித்து அனுப்புங்கள். அடுத்த காணொளியில் அவற்றை அருகருகே வைத்துப் பார்ப்போம்.