ரூட்டரை ஆஃப் பண்ணாதீங்க! லேப்டாப்பே சொல்லும், நெட் எங்கே நின்னுச்சுன்னு

வைஃபை கனெக்ட் ஆகியிருக்கிறது. சிக்னல் கோடுகள் முழுசாக இருக்கின்றன. ஆனால் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. உடனே என்ன செய்வோம்? எழுந்து போய் ரூட்டர் சுவிட்சை அணைத்துப் போடுவோம். பக்கத்து ரூமில் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும் அக்கா கதவைத் திறந்துகொண்டு வருவார். அதற்கு மேல் நடப்பதற்கு இந்தச் சேனல் பொறுப்பல்ல.

வீட்டில் ஒரு குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால், பக்கத்துக் குழாயைத் திறந்து பார்த்த பிறகுதானே மாடியேறுவோம்? இங்கேயும் அதே முறைதான். அதே வைஃபையில் ஃபோனைப் போட்டுப் பாருங்கள். மொபைல் டேட்டாவை மட்டும் மறக்காமல் அணைத்துவிடுங்கள். வைஃபை செத்திருந்தாலும் ஃபோன் சத்தமில்லாமல் சிம் டேட்டாவுக்குத் தாவிவிடும். நாம் "ஃபோனில் வருதே" என்று லேப்டாப்பைத் திட்டிக்கொண்டிருப்போம்.

கை தவறி ஃபிளைட் மோடு பட்டனை அழுத்தியிருக்கிறீர்களா? பாருங்கள். சரி, மேலே போவோம்.

[திரையில்: டாஸ்க்பாரின் வலது மூலை, உருண்டை ஐகான் பெரிதாகத் தெரிகிறது]

இந்த வீடியோவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வைஃபை சின்னம் மறைந்து இந்த உருண்டை வந்தால், "இன்டர்நெட் இல்லை" என்கிறது விண்டோஸ். அது எப்படிக் கண்டுபிடிக்கிறது தெரியுமா? நெட்வொர்க்கில் சேர்ந்ததும், மைக்ரோசாஃப்ட் சர்வரிடம் ஒரு குட்டி டெக்ஸ்ட் ஃபைலைக் கேட்கும். அந்த ஃபைலில் இருப்பது மூன்றே வார்த்தைகள்: 'மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்'. ஆங்கிலத்தில் இடைவெளியோடு எண்ணினால் 22 எழுத்து. அது அப்படியே வந்து சேர்ந்தால் இன்டர்நெட் இருக்கிறது, வராவிட்டால் இல்லை. அவ்வளவுதான் பரீட்சை!

ஹோட்டல் வைஃபையில் லாகின் பக்கம் தானாகத் திறப்பதும் இதனால்தான். கேட்டது அந்த மூன்று வார்த்தை, வந்ததோ ரூம் நம்பர் கேட்கும் பக்கம். நடுவில் யாரோ நிற்கிறார்கள் என்று விண்டோஸுக்குப் புரிந்துவிடும். ஆப்பிள் சாதனங்கள் 'சக்சஸ்' என்ற ஒற்றைச் சொல் வருகிறதா என்று பார்க்கும். ஆண்ட்ராய்டு இன்னும் சிக்கனம். கூகுளிடம் 204 என்ற எண்ணோடு ஒரு வெற்றுப் பதிலை எதிர்பார்க்கும், ஒரு எழுத்துகூட வேண்டாம்!

இதில் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் விபிஎன்னோ (நெட்டை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் ஆப்) ஆன்டிவைரஸோ அந்த ஒரு ஃபைலை மட்டும் மறித்துவிட்டால், நெட் நன்றாக ஓடும்போதே உருண்டை வந்து நிற்கும். ஐகானை நம்பி ஆளைக் கூப்பிடாதீர்கள். விபிஎன்னை ஒரு முறை அணைத்துப் பாருங்கள்.

இனி உண்மையான விசாரணை. ஸ்டார்ட் மெனுவில் 'சிஎம்டி' என்று தேடினால் கருப்புத் திரை வரும். பயப்பட வேண்டாம், எதையும் ஹேக் செய்யப் போவதில்லை.

[திரையில்: 'ஐபிகான்ஃபிக்' கட்டளை]

இதை டைப் செய்து என்டர் தட்டுங்கள். ஐபிவி4 முகவரி, அதாவது நெட்வொர்க்கில் உங்கள் லேப்டாப்பின் எண், 169.254 என்று ஆரம்பிக்கிறதா? அப்படியானால் ரூட்டர் உங்கள் லேப்டாப்புக்கு முகவரியே கொடுக்கவில்லை. லேப்டாப் தனக்குத்தானே ஒன்று வைத்துக்கொண்டிருக்கிறது. அந்த வைஃபையை 'ஃபர்கெட்' கொடுத்து, பாஸ்வேர்டு போட்டு மறுபடி சேருங்கள். அப்படியும் மாறவில்லை, ஃபோனுக்கு மட்டும் முகவரி கிடைக்கிறது என்றால், செட்டிங்ஸில் 'நெட்வொர்க் ரீசெட்' இருக்கிறது. சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் அழிந்துவிடும், முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முகவரி சரியாக இருந்தால் அங்கேயே 'டிஃபால்ட் கேட்வே' என்று ஒரு எண் தெரியும். பல வீடுகளில் 192.168.1.1. அதுதான் உங்கள் ரூட்டர். 'பிங்' என்பது "இருக்கியா?" என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் கட்டளை. அதை டைப் செய்து, இடைவெளி விட்டு அந்த எண்ணைக் கொடுங்கள். பதில் வந்தால் ரூட்டர் வரை பாதை சரி. அடுத்து 8.8.8.8, இது கூகுளின் சர்வர். ரூட்டர் பேசுகிறது, இது மட்டும் பேசவில்லை என்றால் சந்தேகம் வெளியே போகும் லைன் மேல்தான். ஃபைபர் பெட்டியில் 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பாக இருக்கிறதா பாருங்கள். கண்ணாடி இழை வழியே ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். வயர் எங்காவது கதவிடுக்கில் நசுங்கியிருக்கலாம், தெருவில் எலி கடித்திருக்கலாம். கஸ்டமர் கேருக்கு அடித்து "எல்ஓஎஸ் ரெட்" என்று சொல்லுங்கள். "ரீஸ்டார்ட் பண்ணீங்களா சார்" என்ற பாட்டு பாதியாகக் குறையும்.

8.8.8.8 பதில் தருகிறது, ஆனால் 'கூகுள் டாட் காம்' என்று பெயர் கொடுத்து பிங் போட்டால் கிடைக்கவில்லையா? லைன் உயிரோடுதான் இருக்கிறது. பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்தான் படுத்துவிட்டது. வைஃபை செட்டிங்ஸில் டிஎன்எஸ் முகவரியை 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள். நான்கு ஒன்று இருப்பதால் நான்காம் மாதம் ஒன்றாம் தேதி, அதாவது 2018 ஏப்ரல் 1 அன்று இந்த டிஎன்எஸ் சேவையை அறிமுகப்படுத்தினார்கள் கிளவுட்ஃபிளேர் என்ற இன்டர்நெட் நிறுவனத்துக்காரர்கள். முட்டாள்கள் தினத்தில் ஒரு நிஜமான சேவை. குசும்பு!

எல்லா பிங்கும் சரி, ஆனால் எந்த வெப்சைட்டும் 'பாதுகாப்பில்லை' என்றே மிரட்டுகிறதா? கடிகாரத்தைப் பாருங்கள். பழைய லேப்டாப்பில் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்து, தேதி சில வருஷம் பின்னால் போயிருக்கும். தேதி தப்பானால் வெப்சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழே செல்லாது என்று பிரவுசர் நினைத்துவிடும்; தேதியைச் சரிசெய்யுங்கள்.

நீங்களும் இதே வரிசையில் போட்டுப் பாருங்கள். எந்த பிங்கில் நின்றது, அந்த எண்ணை மட்டும் கமெண்டில் போடுங்கள், பதில் எழுதுகிறேன். 169.254 கேஸ் யாருக்காவது வந்தால் ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டும்.