வாக்குப் போடும் முன்பே தெரிய வேண்டும்

நடுவர் அவர்களே, எதிரணிப் பெரியவர்களே, கோபிசெட்டிபாளையத்து வாசகர்களே, வணக்கமுங்க.

நாட்டு நடப்பை அறிய நமக்குப் பெரிதும் கைகொடுப்பது புத்தகமா, இணையமா என்பது இன்றைய தலைப்பு. நான் இணையத்தின் பக்கம் பேச வந்திருக்கும் பத்திரிகைக்காரன். ஈரோடு புத்தகத் திருவிழாவிலிருந்து வெறுங்கையோடு வீடு திரும்பியவன் இல்லை. அதனால் புத்தகத்தைக் குறைத்து ஒரு சொல்லும் பேசமாட்டேன். ஆனால் இன்று நாம் பேசுவது அரசியலைப் பற்றி. அரசியலில் ஒரு செய்தி உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. நம்மால் ஏதாவது செய்ய முடிகிற நேரத்துக்குள் அது நம் கைக்கு வர வேண்டும். என் வாதம் இதுதானுங்க.

எனக்கு முன்னால் பேசிய அம்மா, 1925இல் பெரியார் ஈரோட்டில் தொடங்கிய குடிஅரசைச் சொன்னார். அச்செழுத்துதான் இந்த மண்ணின் அரசியலைப் புரட்டிப் போட்டது என்றார். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குடிஅரசு ஒரு வார இதழ். சொல்ல வேண்டியதை எல்லாம் ஒரு பெரிய நூலாக எழுதி முடித்துவிட்டு மக்களிடம் போகலாம் என்று பெரியார் காத்திருக்கவில்லை. கொள்கையில் அவருக்கு நேர் எதிராக நின்ற ராஜாஜியும், திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குப் பிரசாரம் செய்ய விமோசனம் என்ற இதழைத்தான் கையில் எடுத்தார். அன்றைக்கு எது வேகமாகவும் மலிவாகவும் மக்களைப் போய்ச் சேருமோ, அதை இருவருமே தேர்ந்தெடுத்தார்கள். அந்த இடத்தில் இன்றைக்கு இருப்பது எது என்பதை நடுவரே சொல்லட்டும்.

இப்போது தேர்தலுக்கு வருகிறேன். வேட்பாளர் தன் மீதுள்ள குற்ற வழக்குகள், சொத்து, கடன், படிப்பு ஆகியவற்றை வாக்காளருக்குச் சொல்லியாக வேண்டும் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைத் தடுக்க நாடாளுமன்றம் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2003இல் அந்தத் திருத்தமும் செல்லாது என்றது நீதிமன்றம். எல்லாக் கட்சிகளும் தயங்கிய ஒரு உரிமை இப்படித்தான் நமக்குக் கிடைத்தது. ஆனால் வேட்பாளர் இவற்றை எழுதிக் கொடுக்கும் பிரமாணப் பத்திரம் தேர்தல் அலுவலகத்து அறிவிப்புப் பலகையில் மட்டும் ஒட்டப்பட்டிருந்தால் யாருங்க போய்ப் படிப்பார்கள்? நிருபர்கள் நாலு பேர் போய்க் குறிப்பெடுப்போம், மறுநாள் ஒரு பெட்டிச் செய்தி வரும், அத்தோடு முடிந்தது. இன்று காங்கேயத்தில் மாட்டுக்குத் தீவனம் வைத்துவிட்டுத் திண்ணையில் உட்காரும் விவசாயி, தன் தொகுதி வேட்பாளரின் பத்திரத்தைத் தேர்தல் ஆணையத்தின் தளத்திலேயே முழுசாகப் படிக்கலாம். அதே ஆள் போன தேர்தலில் கொடுத்த பத்திரத்தையும் பக்கத்தில் வைத்து, இடையில் சொத்து எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்க்கலாம். எந்தப் பத்திரிகை ஆசிரியரும் நடுவில் நின்று எது முக்கியம் என்று அவருக்காகத் தீர்மானிப்பதில்லை. என் தொழிலுக்கு இருந்த ஒரு அதிகாரம் இதனால் போய்விட்டது. போனது நல்லது என்று மனசாரச் சொல்கிறேன்.

அடுத்து, கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வங்கியில் வாங்கிய தேர்தல் பத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். யார் எந்தக் கட்சிக்குப் பணம் கொடுத்தார்கள் என்பது மக்களுக்குத் தெரியாதபடி 2018இலிருந்து நடந்த திட்டம் அது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மார்ச் 14 அன்று பத்திரம் வாங்கியவர்களின் பட்டியலும் பணம் பெற்ற கட்சிகளின் பட்டியலும் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் ஏறின. நீதிமன்றம் விடாமல் கேட்டதால் அடுத்த வாரமே பத்திர எண்களும் வந்தன. கொடுத்தவரையும் வாங்கிய கட்சியையும் பொருத்திப் பார்க்க முடிந்தது. அந்தப் பட்டியலில் மிக அதிகமாக, 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கிய நிறுவனம் நம் கோயம்புத்தூர் முகவரி கொண்டது. பொள்ளாச்சியிலும் தாராபுரத்திலும் இருந்தவர்கள் டெல்லி நிருபர்களோடு ஒரே நேரத்தில் அதைப் படித்தார்கள். நாடாளுமன்றத் தேர்தலின் முதல் கட்ட வாக்குப்பதிவு ஏப்ரல் 19 அன்று, தமிழ்நாடு வாக்களித்ததும் அன்றுதான். இதைப் பற்றி ஆழமான புத்தகங்கள் வரட்டும், நானும் வாங்குவேன். ஆனால் ஏப்ரல் 19க்குள் எந்தப் புத்தகம் நம்மிடம் வந்திருக்கும்?

இணையம் பொய்யின் கூடாரம் என்று எதிரணி ஐயா கோபமாகவே சொன்னார். திருப்பூரைக் காட்டினார். அந்தக் கோபம் நியாயமானது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய்யான காணொளிகள் பரவின. பனியன் கம்பெனிகளில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் பயந்துபோனார்கள். ஊரில் இருக்கும் தாய் தகப்பன் உடனே கிளம்பி வா என்று போனில் அழுதார்கள். அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வராது. ஆனால் முழுக் கதையையும் பார்க்க வேண்டுமல்லவா? அந்தப் பொய் இணையத்தில் மட்டும் ஓடவில்லை, வடக்கே அச்சான நாளிதழ்களிலும் வந்தது. அதை உடைத்தது எது? அந்தக் காட்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது வேறு மாநிலத்தில் நடந்தது, இது தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த சண்டை என்று உண்மை சரிபார்ப்பவர்களும் காவல்துறையும் நாட்கணக்கில் வெளியிட்டார்கள். இந்தியிலேயே விளக்கம் போனது. பொய் போன வழியிலேயே உண்மையும் போய்ச் சேர வேண்டியிருந்தது. பயந்துபோன ஒரு பையனின் கையில் அப்போது இருந்தது செல்போன். அவனிடம் வேறு எந்த வழியில் நாம் பேசியிருக்க முடியும்?

புத்தகம் நிதானத்தைக் கற்றுத் தருகிறது என்றீர்கள். உண்மை. அந்த நிதானத்தோடு எதைப் படித்து முடிவெடுப்பது என்பதுதான் எங்கள் அணியின் கேள்வி. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தபோது, அதன் 4ஆம் பிரிவு ஒன்றைத் தெளிவாகச் சொன்னது. மக்கள் கேட்பதற்கு முன்பே அரசு அலுவலகங்கள் தங்கள் தகவல்களைத் தாமாக வெளியிட வேண்டும், ஆவணங்களைக் கணினியில் ஏற்ற வேண்டும் என்றது. அதனால்தான் நூறு நாள் வேலையில் யார் பெயரில் எத்தனை நாள் கூலி ஏறியிருக்கிறது என்று அந்தந்த ஊர்க்காரர்களே பார்க்க முடிந்தது. வேலைக்கே வராத ஒருவர் பெயரில் கூலி ஏறியிருந்தால், அந்தத் தாளை அச்செடுத்துக்கொண்டு கிராம சபையில் ஒரு அம்மா எழுந்து கேட்கலாம். தலைவர் மழுப்ப முடியாது, ஏனென்றால் அது அரசின் சொந்தக் கணக்கு.

எனக்குப் பின்னால் பேசப்போகிற எதிரணி நண்பரிடம் ஒன்று கேட்டு அமர்கிறேன். அந்த அம்மாவின் கையில், அடுத்த கிராம சபைக்குள், எந்தப் புத்தகத்தைக் கொடுப்பீர்கள்? நன்றிங்க.