72 பாகையில் ஒரு கிழங்கு

வணக்கம் நேயர்களே. பிரெஞ்சுச் சமையலில் ஏதாவது ஒன்றைப் பற்றிப் பத்து நிமிடம் பேச முடியுமா என்று இந்த நிகழ்ச்சியைச் செய்கிறவர்கள் கேட்டார்கள். உருளைக்கிழங்கு மசியலைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். தொலைபேசியின் மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கிழங்கை அவித்து மசிப்பதில் பேச என்ன இருக்கிறது என்று அவர்கள் நினைத்திருக்கலாம். அந்த மசியலைச் சூவீட் முறையில், அதாவது பைக்குள் மூடிச் சூடு மாறாத தண்ணீரில் சமைத்து, எப்படிச் செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

பாரிசில் இருபது வருடமாகக் குசினிகளில் நிற்கிறேன். முதல் நாலு வருடம் கோப்பை கழுவினேன். அப்போது என் கைக்கு வந்த சட்டிகளில் அதிகம் பாடுபடுத்தியது இந்த மசியல் சட்டிதான். சில நாட்களில், ஊரில் பட்டம் ஒட்டக் காய்ச்சுவோமே பசை, அதைப் போலப் பிடித்துக்கொண்டிருக்கும். வேறு ஒருவர் செய்த நாளில் தண்ணீர் பட்டதுமே கழன்று போய்விடும். அதே கிழங்கு, அதே பட்டர், அதே பால்தான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? நான் சமைக்கத் தொடங்குவதற்கு முன்பே இந்தக் கேள்வி எனக்குள் வந்துவிட்டது.

பிரான்சில் இந்த மசியலைப் பியூரே என்பார்கள். சாதாரண வீட்டுச் சாப்பாடுதான். அதை உலகத்தின் பெரிய மேசைகளுக்குக் கொண்டுபோனவர் ஜோயல் ரொபுஷோன். பாரிசில் ஜாமன் என்ற உணவகத்தை 1981இல் திறந்து, 1984இல் மிஷெலின் என்ற உணவக வழிகாட்டி நூலின் மூன்று நட்சத்திரம் வாங்கினார். அங்கே சாப்பிட வந்தவர்கள் கடைசியில் பேசியது அவருடைய பியூரேயைப் பற்றித்தான். 2018இல் அவர் இறந்தபோதும் செய்திகளில் அதைப் பற்றிப் பேசினார்கள். அவர் வெளியிட்ட அளவு, ஒரு கிலோ கிழங்குக்குக் கால் கிலோ பட்டர். இதைக் கேட்டதும் எல்லாரும் "ஓ, பட்டர்தான் ரகசியம்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. பட்டர் ருசி தரும், வழுவழுப்பைக் கூட்டும். ஆனால் பசையாகிப்போன மசியலில் ஒரு கிலோ பட்டரைக் கொட்டினாலும் அது பட்டர் போட்ட பசைதான். ரொபுஷோன் செய்த மற்ற வேலைகளைப் பாருங்கள். ராத் என்ற விரல் போன்ற சின்னக் கிழங்கைத் தெரிந்தெடுத்தார். தோலோடு அவித்தார். சுடச்சுடத் தோலுரித்து, கையால் சுற்றும் மசிப்பானில் விட்டு, சட்டியில் கிளறி ஈரத்தைப் போக்கினார். அதற்குப் பிறகுதான் பட்டர். அத்தனையும் தண்ணீர் கிழங்குக்குள் போகாமல் பார்க்கிற வேலை, கிழங்கை முரட்டுத்தனமாக நசுக்காமல் பார்க்கிற வேலை.

கிழங்கு கோடிக்கணக்கான குட்டிப் பைகளால் ஆனது என்று நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் கலம் என்று படித்தோமே, அதுதான் பை. பைக்குள்ளே மாப்பொருள். ஒரு பையை அடுத்த பையோடு ஒட்டிவைத்திருப்பது பெக்டின். அவிக்கும்போது மாப்பொருள் ஏறக்குறைய 60 பாகை செல்சியசில் தண்ணீரை உறிஞ்சி வீங்கத் தொடங்கும். பெக்டின் அந்தச் சூட்டுக்கு அசையாது. அது நன்றாக இளக 85 பாகையாவது வேண்டும். பெக்டின் இளகினால் பைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். விலகி முழுசாக நின்றால் நாக்கில் வெண்ணெய் போல இறங்கும். உடைந்தால் உள்ளே இருக்கிற கூழ் வெளியே வந்து பசையாகும். மின் அரைப்பானில் போட்டால் ஒரு நிமிடத்தில் பசை வருவது இதனால்தான்.

சரி, சூவீட் என்ன என்பதற்கு வருகிறேன். சூ என்றால் பிரெஞ்சில் கீழே, வீட் என்றால் வெற்றிடம். உணவைப் பையில் போட்டு, காற்றை இழுத்து மூடி, சூடு மாறாத தண்ணீரில் வைத்துச் சமைப்பது. 1974இல் ரோவான் நகரில் த்ருவாக்ரோ குடும்பத்து உணவகத்துக்காக ஜோர்ஜ் பிராலுய் என்ற சமையற்காரர் வாத்து ஈரலை இப்படிச் சமைத்தார். பழைய முறையில் ஈரலின் கொழுப்பு உருகி வீணாகப் போய்க்கொண்டிருந்தது, பைக்குள் அது நின்றது. அதே காலத்தில் புருனோ கூசோ என்ற விஞ்ஞானி எந்த உணவுக்கு எந்தச் சூடு, எவ்வளவு நேரம் என்று முறையாக ஆராய்ந்தார். இன்று ஒரு சட்டியில் செருகிவைக்கிற கோல் போன்ற கருவி வீடுகளுக்கே வந்துவிட்டது.

அந்தக் கருவியோடு நான் விட்ட முதல் பிழையைச் சொல்ல வேண்டும். மாட்டிறைச்சிக்கு 62 பாகை வைத்திருந்தேன். அதே தண்ணீரில் கிழங்குப் பையையும் போட்டேன். ஆறு மணித்தியாலம் கழித்து இறைச்சி பூவாக இருந்தது. கிழங்கைக் கடித்தால் நறுக்கென்றது. இன்னும் இரண்டு மணித்தியாலம் விட்டேன், அப்போதும் நறுக்கென்றுதான் இருந்தது. கருவி பழுது என்று நினைத்து வெப்பமானி வைத்துப் பார்த்தேன். சரியாக 62தான்.

அன்றைக்கு இரவு அம்மாவோடு தொலைபேசியில் பேசும்போது இதைச் சொன்னேன். "புளி விட்டுப்போட்டு அவிச்சனியோ?" என்று கேட்டா. அம்மாவுக்குக் கிழங்கு அவியாமல் போக அந்த ஒரு காரணம்தான் தெரியும். குழம்பில் காய் அவிந்த பிறகே புளி விட வேண்டும், முந்தி விட்டால் காய் கல்லாக நிற்கும் என்பது எங்கள் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பிறகு நான் படித்துப் பார்த்தபோது இரண்டும் ஒரே இடத்தில் வந்து முடிகிறது. புளிப்பில் பெக்டின் எளிதில் இளகாது. குறைந்த சூட்டிலும் இளகாது. அதோடு 50 முதல் 70 பாகை வரை கிழங்கில் உள்ள ஒரு நொதியம் விழித்துக்கொண்டு, கல்சியத்தின் உதவியோடு பெக்டினை இன்னும் இறுக்குகிறது. நான் எட்டு மணித்தியாலமாகக் கிழங்கை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்தப் பிழைக்குள்தான் நல்ல பியூரேக்கான வழி இருக்கிறது. கிழங்கின் குட்டிப் பைகள் உடையக் கூடாது என்றால், முதலில் அவற்றைக் கொஞ்சம் இறுக்கிக்கொள்ளலாமே! 1950களில் அமெரிக்காவில் பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் இருந்த அரசாங்க ஆய்வுகூடம் இதைத்தான் கண்டுபிடித்தது. கடையில் பெட்டியில் விற்கிற உலர்ந்த கிழங்குச் சீவலுக்காகச் செய்த வேலை அது. கிழங்கை 70 பாகையைக் கொஞ்சம் தாண்டிய சூட்டில் 20 நிமிடம் வைத்து, குளிரவைத்து, அதற்குப் பிறகு முழுதாக அவித்தார்கள். இங்கிலாந்துச் சமையற்காரர் ஹெஸ்டன் ப்ளூமென்தால் போன்றவர்கள் பிற்காலத்தில் அதை உணவகத்துக்குள் எடுத்துவந்தார்கள்.

குளிரவைப்பது எதற்கு என்று கேட்பீர்கள். இரவு மிஞ்சின சோற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் காலையில் விறைத்து, சோறு தனித்தனியாக உதிருமே, அதே மாற்றம்தான். சூட்டில் வீங்கிய மாப்பொருள் குளிரில் தன்னைத்தானே இறுக்கிக்கொள்கிறது. மறுபடி அவித்தாலும் பழையபடி ஒட்டாது. கூடச் சில குட்டிப் பைகள் உடைந்தாலும் பெரிய சேதம் இல்லை.

இப்போது சூவீட்டின் அருமை புரியும். அடுப்புச் சட்டியில் 72 பாகையை அரை மணித்தியாலம் பிடித்துவைப்பது சிரமம், கருவிக்கு அதுதான் வேலையே. அப்புறம், ரொபுஷோன் தோலோடு அவித்து எதைக் காப்பாற்றினாரோ அதை இங்கே பை காப்பாற்றுகிறது. கிழங்கின் வாசம் தண்ணீரோடு போகாது, தண்ணீரும் உள்ளே வராது.

நான் செய்கிற முறை இது. ஒரு கிலோ கிழங்கைத் தோல் சீவி, இரண்டு சென்டிமீட்டர் தடிப்பில் வட்டமாக வெட்டி, வெட்டுமுகத்தில் இருக்கிற மா போகக் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். இங்கே பாரிஸ் கடைகளில் பின்ச் என்று கேட்டால் மலிவாகக் கிடைக்கும், பியூரேக்கு நல்ல கிழங்கு. நெதர்லாந்தில் ஒரு பள்ளி ஆசிரியர் உண்டாக்கி, தன் மாணவி ஒருத்தியின் பெயரை வைத்த இனம் அது. 1910இல் சந்தைக்கு வந்தது, இன்னும் நிற்கிறது.

வெட்டின கிழங்கோடு 10 கிராம் உப்பும் 100 கிராம் பட்டரும் போட்டு, துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பிப் பையை மூடுங்கள். 72 பாகையில் 40 நிமிடம். பிறகு அதே பையை ஐஸ் தண்ணீரில் அரை மணித்தியாலம். பிறகு 90 பாகையில் ஒரு மணித்தியாலத்திலிருந்து ஒன்றரை மணித்தியாலம். துணியால் பிடித்துப் பைக்கு வெளியே இருந்து நசுக்கிப் பார்த்தால் ஒரு தடையும் இல்லாமல் மசிய வேண்டும். கொஞ்சம் தடுத்தாலும் இன்னும் வையுங்கள், இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் செய்ததெல்லாம் வீண். பாலை நான் பைக்குள் விடுவதில்லை. பாலில் கல்சியம் இருக்கிறது, முன்னே சொன்ன காரணம்தான்.

90 பாகையில் பை ஊதி மேலே மிதக்கும். ஒரு தட்டை மேலே வைத்து அமுக்கிவிடுங்கள். சாதாரணப் பைகளின் ஒட்டு இந்தச் சூட்டில் விட்டுவிடும், சூவீட்டுக்கென்று விற்கிற பையாகவே வாங்குங்கள். தண்ணீர் ஆவியாகிக் குறையும், மூடி வையுங்கள். இன்னொன்று, இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்: காற்றில்லாத பைக்குள் மண்ணிலிருந்து வந்த கிழங்கு இருக்கிறது. மண்ணில் இருக்கிற சில கிருமிகள் அவித்தாலும் சாகாமல், காற்றில்லாத இடத்தில் பெருகி நஞ்சை உண்டாக்கும். அவித்த பையை மேசையில் ஆறவிட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். மறுநாளுக்கென்றால் உடனே ஐஸ் தண்ணீரில் குளிரவைத்து, குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள்.

மசிக்கும் வேலையைக் கருவி செய்து தராது. பையில் இருக்கிற உருகின பட்டரையும் கிழங்குச் சாற்றையும் ஒரு கிண்ணத்தில் வடித்து வையுங்கள், கொட்டிவிடாதீர்கள். கிழங்கை மசிப்பானில் விட்டு, அப்புறம் மா அரிக்கிற அரிதட்டில் போட்டு அகப்பையின் முதுகால் மேலிருந்து கீழே அழுத்துங்கள். இழுத்துத் தேய்க்க வேண்டாம். தோள் நோகும். ஆனால் கட்டி இல்லாத பியூரேக்கு வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. பிறகு மெல்லிய நெருப்பில், குளிர்ந்த பட்டர் இன்னும் 100 கிராமைத் துண்டு துண்டாகச் சேர்த்து, வடித்ததையும் கொதித்த பால் 200 மில்லிலீட்டரையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறுங்கள்.

கருவி இல்லாதவர்களும் இதைச் செய்யலாம். பெரிய சட்டி நிறையத் தண்ணீரும் ஒரு வெப்பமானியும் போதும். முதல் 72 பாகைக்குப் பை கூடத் தேவையில்லை, இரண்டு மூன்று பாகை முன்பின் ஆனாலும் பரவாயில்லை. வாசம் கொஞ்சம் தண்ணீரோடு போகும், மற்றபடி அந்த மென்மை வந்துவிடும்.

மிஞ்சினால், எங்கள் வீட்டில் மறுநாள் அதற்கு வேறு வேலை இருக்கிறது. பாரிசில் மெட்ரோ மூன்றாம் பாதையில் போகிறவர்களுக்குப் பார்மெந்தியே நிலையம் தெரிந்திருக்கும். அந்தப் பெயருக்கு உரிய பார்மெந்தியேதான் பிரெஞ்சுக்காரருக்குக் கிழங்கு சாப்பிடப் பழக்கியவர், இறைச்சியின் மேல் பியூரே பரப்பிச் சுடுகிற சாப்பாட்டுக்கும் அவர் பெயர்தான். நான் அடியில் ஆட்டிறைச்சிப் பிரட்டல் வைப்பேன், எங்கள் தூள் போட்டு, நன்றாக வற்றவைத்து. மேலே பியூரேயைப் பரப்பி, 200 பாகையில் 25 நிமிடம். அடுப்புக்குள் வைக்க முன் முள்ளுக்கரண்டியால் மேலே கோடு கோடாக இழுத்துவிடுங்கள், அந்தக் கோடுகள்தான் முதலில் முறுகும். என் பிள்ளைகள் இரண்டு பேரும் அதற்குத்தான் அடிபடுவார்கள்.