மூண்டு சில்லு இருந்தாலும் விழும்

வணக்கம் நேயர்களே. இண்டைக்கு நான் கதைக்க வந்தது மூண்டு சில்லு மோட்டார்சைக்கிளைப் பற்றி, எல்லா மூண்டு சில்லும் இல்லை, முன்னுக்கு ரெண்டு பின்னுக்கு ஒண்டு, முடக்கில திரும்பேக்க ஆளோட சேந்து சாயுற சாதி. பரிஸில இருக்கிற உங்களுக்கு நான் படம் காட்டத் தேவையில்லை, பரிபெரிக்கில, அதுதான் பரிஸைச் சுத்திப் போற பெரிய ரோட்டில, ட்ரபிக்கில நிக்கேக்க கார்க் கண்ணாடிக்குப் பக்கத்தால பீப் அடிச்சுக்கொண்டு போறதில கனக்க இதுகள்தானே. கராஜில கனகாலமா இதுகளைக் கழட்டிப் பூட்டுறன், நானும் இதிலதான் வேலைக்குப் போய் வாறன், எனக்குச் சரியான விருப்பம். அந்த விருப்பத்தோட ஒரு பயமும் இருக்கு, எங்கட சனம் இதைப் பிழையான காரணத்துக்காக வாங்குது, அதுதான் என்ர பயம்.

ஊரில ஓட்டோவில போயிருப்பியள். முடக்கில கெதியாத் திருப்பினா உள்ள இருக்கிற நீங்கள் வெளிப்பக்கம் தள்ளுப்பட்டுப் போய் கம்பியைப் பிடிப்பியள், வண்டியும் வெளிப்பக்கம்தான் சரியப் பாக்கும், இன்னும் கெதியாத் திருப்பினா உள்பக்கச் சில்லு நிலத்தை விட்டே எழும்பும். நான் சொல்லுற வண்டி அப்பிடியில்லை, இது உள்பக்கம் சாயும். கேட்டுக்கொண்டிருக்கிறவை ஒருக்கா ரெண்டு முழங்கையையும் மேசையில ஊண்டி, கையை நேர மேல நிமித்தி வையுங்கோ (கார் ஓடுறவை தயவுசெய்து செய்யாதேங்கோ). இப்ப ரெண்டு கையையும் ஒண்டா வலது பக்கம் சரியுங்கோ. ரெண்டும் ஒரே அளவு சரியிது, ஆனா ரெண்டு முழங்கையும் மேசையிலதான் இருக்கு. முன் சில்லு ரெண்டும் அப்பிடித்தான், சாய்ஞ்சாலும் ரெண்டும் நிலத்தை விடாது.

இதை முதல்முதல் யோசிச்ச கதை எனக்கு நல்ல விருப்பமான கதை, கொஞ்சம் நேரம் எடுத்தாலும் சொல்லத்தான் போறன். இங்கிலாந்தில ஜோர்ஜ் வாலிஸ் எண்டு ஒரு ஆள், அவற்ற யோசனையை வைச்சு பி.எஸ்.ஏ கொம்பனி 1970இல ஏரியல் 3 எண்டு ஒரு குட்டி மொபெட் விட்டது. அது பின்னுக்கு ரெண்டு சில்லு, நடுவில ஒரு மூட்டு வைச்சது, பின்பக்கம் எஞ்சினோட தட்டையா நிக்க, ஆள் இருக்கிற முன்பக்கம் மட்டும் சாயும். கடைக்குப் போய் வாற பொம்பிளையளுக்கு எண்டு விளம்பரம் செய்தவை, ஆனா சனம் வாங்கேல்லை, ஏற்கனவே தள்ளாடின கொம்பனிக்கு அது இன்னொரு பெரிய அடி. அந்த யோசனை அதோட செத்துப்போகேல்லை. ஹொண்டா அந்த உரிமையை எடுத்துக்கொண்டு போய் ஆறுதலா வேலை செய்து, 1982இல கைரோ எண்டு ஒண்டை விட்டது, பிறகு கூரை போட்ட கைரோ கனோப்பி வந்தது, ஜப்பானில மழையில பீட்சா கொண்டு போறவை அதிலதான் போறவை. அவசரப்படாம ஒரு நல்ல யோசனையை மதிச்சிருக்கினம், எனக்கு அது பெரிய விசயம். முன்னுக்கு ரெண்டு சில்லு வைச்சு மூண்டும் ஒண்டாச் சாயுற வண்டியைச் சனத்தின்ர கையில குடுத்தது பியாஜியோ, 2006இல, எம்.பி.3 எண்டு பேர். வெஸ்பா செய்த அதே இத்தாலிக் கொம்பனிதான். பிறகு பெஜோ மெட்ரோபொலிஸ் 2013இல, யமஹா ட்ரைசிட்டி 2014இல.

சரி, ஏன் பரிஸில இவ்வளவு? மழை ஒரு காரணம். கல்லுப் பதிச்ச ரோட்டு, சீப்ரா கோட்டுப் பெயின்ட், ட்ராம் தண்டவாளம், ஒக்டோபரில விழுற இலை, எல்லாத்திலயும் தண்ணி. ரெண்டு சில்லு ஓடினவைக்குத் தெரியும், பின் சில்லு வழுக்கினா சிலவேளை சமாளிக்கலாம், முன் சில்லு வழுக்கினா யோசிக்க முதல் நிலத்தில கிடப்பியள். இதில ஒரு முன் சில்லு வெள்ளைக் கோட்டில வழுக்கேக்க மற்றது கல்லில பிடிச்சுக்கொண்டு நிக்கும். ஹாண்டில் கையுக்குள்ள சின்னதா ஒரு வெட்டு வெட்டும், திரும்ப நேராகும், அவ்வளவுதான், நீங்கள் வீட்டை போய்ச் சேந்திடுவியள். மழையில பிறேக் பிடிக்கேக்கயும் அப்பிடித்தான், முன்னுக்கு ரெண்டு ரயர் நிலத்தைப் பிடிக்குது. ஆனா பின் சில்லு ஒண்டுதான் எண்டதை மறக்காதேங்கோ, அது வழமை மாதிரி வழுக்கும்.

இப்பதான் என்ர பயத்துக்கு வாறன். மூண்டு சில்லு எண்டா விழாது எண்டு நினைக்கினம். விழும். திரும்பவும் சொல்லுறன், விழும். சாயிறதுக்கு விட்ட வண்டி நிண்ட இடத்திலயும் சாயும். அதுக்காக எம்.பி.3இல ஒரு லொக் இருக்கு, வேகம் நல்லாக் குறைஞ்சு ஆக்சிலேட்டரையும் மூடினாப் பிறகு ஒரு சுவிட்சைத் தட்டினா ஐட்ரோலிக்கால அந்தச் சாயுற பகுதியை இறுக்கிப் பிடிக்கும், சிக்னலில கால் ஊண்டாம இருக்கலாம். முதல் வந்த ட்ரைசிட்டி 125இல அந்த லொக்கே இல்லை, கால் ஊண்டத்தான் வேணும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணை, ரெஸ்டோரண்ட் குசினியில வேலை, சாமம் கடைசி மெட்ரோ போனாப் பிறகுதான் வேலை முடியும், வீடு பரிஸுக்கு வெளியில. நைட் பஸ்ஸில தூங்கி விழுந்து போய் வந்து களைச்சுப்போய், கார் பெர்மியோட, அதுதான் கார் ஓடுற லைசென்சோட, ஓடலாம் எண்டு கேள்விப்பட்டு ஒரு எம்.பி.3 500ஐ வாங்கிப்போட்டார். பெற்றோல் அடிக்கப் போன இடத்தில வண்டி கொஞ்சம் சரிஞ்சிருக்கேக்கயே லொக்கைத் தட்டியிருக்கிறார், அது சரிஞ்ச மாதிரியே இறுகிப்போச்சு, ஏனெண்டா லொக் வண்டியை நிமித்தாது, எப்பிடி நிக்குதோ அப்பிடியே பிடிக்கும். இவர் பயந்து கையை முறுக்க லொக் விட்டுப்போச்சு, அப்பிடியே படுத்திட்டுது. 250 கிலோவுக்குக் கிட்ட, பக்கத்தில நிண்ட ரெண்டு பெடியள் வந்துதான் நிமித்தினவை. காலுக்கு மேல விழேல்லை, அது அவற்ற நல்லகாலம். அந்த அண்ணை இப்ப நல்லா ஓடுறார், லொக்கைத் தட்ட முதல் நிமித்திறதை நான் வெறும் பார்க்கிங்கில வைச்சுத் திரும்பத் திரும்பச் செய்விச்சனான்.

அந்தக் கார் பெர்மிக் கதையையும் வடிவாக் கேளுங்கோ. முன் சில்லு ரெண்டுக்கும் இடையில 460 மில்லிமீட்டருக்குக் குறைவா இருந்தா சட்டத்துக்கு அது ஒரு சில்லு, மோட்டார்சைக்கிள்தான். அதாலதான் பியாஜியோ கொஞ்சம் அகலமாக்கி, கால் பிறேக்கும் வைச்சு எல்.ரி எண்டு விட்டது, அப்ப அது ட்ரைசிக்கிள், கார் பெர்மியோட ஓடலாம். பிரான்ஸில பெரிய எஞ்சின் எண்டா 21 வயசு ஆகியிருக்கோணும், 2011இல இருந்து ஏழு மணித்தியாலப் பயிற்சியும் எடுக்கோணும். இந்தச் சலுகை இங்கத்தைக்குத்தான், எல்லை தாண்டிச் சொந்தக்காரரிட்டப் போறவை அந்த நாட்டுச் சட்டத்தைப் பாருங்கோ. ஏழு மணித்தியாலம் காணாது எண்டுதான் நான் சொல்லுவன், முடிஞ்சா மோட்டார்சைக்கிள் பெர்மியே எடுங்கோ, ஏனெண்டா இது ஓடுற விதத்தில மோட்டார்சைக்கிள், காரில்லை.

மற்றக் குறையளும் இருக்கு. ரோட்டில குழி வந்தா ரெண்டு சில்லுக்கு ஒரு கோடுதான், விலத்தலாம், இதுக்கு மூண்டு கோடு, ஒண்டை விலத்த மற்றது விழும். மூண்டு ரயர். முன்பக்கத்தில மூட்டு மூட்டா எத்தினையோ பேரிங், எல்லாம் தேயும், கழட்டிப் பூட்டுற கூலியும் கூட.

ஸ்ரூடியோக் கண்ணாடிக்கு அங்கால நேரம் முடிஞ்சுது எண்டு கை காட்டினம், யமஹா நைக்கனைப் பற்றிக் கதைக்க இருந்தனான், முதல் வந்தது 847 சிசி, மலை ரோட்டுக்கு எண்டே செய்தது, அது விருப்பத்துக்கு வாங்கிற சாமான், அவ்வளவும்தான் சொல்லலாம். பரிஸில பார்க்கிங், 2022 செப்டெம்பர் 1இல இருந்து ரெண்டு, மூண்டு சில்லுப் பெற்றோல் வண்டியளுக்கும் காசு, தொடங்கேக்க முதல் 11 வட்டாரத்திலயும் மணிக்கு 3 ஈரோ, மிச்சத்தில 2, அப்ப எங்கட தமிழ்க் கடையள் இருக்கிற லாச்சப்பலில பத்தாம் வட்டாரப் பக்கம் விட்டா ஒரு விலை, ரோட்டைக் கடந்து பதினெட்டில விட்டா இன்னொரு விலை.

கடைசியா, ரெண்டாங்கையா வாங்கிறவை முன்பக்கத்தை ஜக்கில தூக்கி ஒவ்வொரு சில்லையும் மேலையும் கீழையும் பிடிச்சு ஆட்டிப் பாருங்கோ, டொக் டொக் எண்டு சத்தம் வந்தா மூட்டுகள் தேய்ஞ்சுபோச்சு. பிறகு நிமித்தி லொக்கைப் போட்டு ரெண்டு பக்கமும் தள்ளிப் பாருங்கோ, மெல்ல மெல்லச் சரிஞ்சுகொண்டு போனா அதை வாங்காதேங்கோ. நன்றி, வணக்கம்.