கேம் நம்மைக் கவனிக்கிறதா?

அவையோர் எல்லோருக்கும் வணக்கம்.

நல்ல ஆர்பிஜி எது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். மேப் பெரிதாக இருக்க வேண்டும் என்பார் ஒருவர். நூறு மணி நேரம் ஆடினாலும் தீரக்கூடாது என்பார் இன்னொருவர். கிராஃபிக்ஸ், சண்டை, கதை என்று பட்டியல் நீளும். எதையும் நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் இதெல்லாம் இருந்தும் பாதியில் மூடி வைத்த கேம்கள் உங்களிடமும் இருக்கும், என்னிடமும் இருக்கின்றன. பொம்மை மாதிரிப் படங்களோடு வந்த பழைய கேம் ஒன்றை ராத்திரி முழிப்போடு ஆடி முடித்ததும் உண்டு. ஏன் என்று யோசித்தால் எனக்குக் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: அந்த கேம் என்னைக் கவனித்தது. நான் எப்படிப்பட்ட ஆள், என்ன செய்தேன், என்ன செய்யாமல் விட்டேன் என்று அது கணக்கு வைத்திருந்தது. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோருக்காக ஒரு வார்த்தை. ஆர்பிஜி, அதாவது ரோல்பிளேயிங் கேம் என்றால், ஒரு ஆளை நாமே உருவாக்கி, அல்லது கேம் தருகிற ஆளை எடுத்துக்கொண்டு, அவராக ஒரு உலகத்துக்குள் நடமாடுவது. அந்த ஆளுக்கு வலு, புத்தி, பேச்சுத் திறமை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. அனுபவம் சேரச் சேர எண்கள் ஏறும்.

இந்த எண்கள் கம்ப்யூட்டரில் பிறந்தவை அல்ல. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். ஒரு மேஜை, காகிதம், பென்சில், பகடை, நாலைந்து நண்பர்கள். அவர்களில் ஒருவர் டஞ்சன் மாஸ்டர்; கதையை நடத்துகிறவர். "கதவை உடைக்கிறேன்" என்று நீங்கள் சொன்னால் வலு எவ்வளவு என்று பார்த்து, பகடையை உருட்டச் சொல்வார். அதற்கு விதி இருக்கிறது. "உடைக்க வேண்டாம், நான் வரி வசூலிக்க வந்தவன் என்று உள்ளே இருப்பவனிடம் அளந்துவிடுகிறேன்" என்று ஒருவன் கிளப்பினால்? அதற்கு விதி கிடையாது. டஞ்சன் மாஸ்டர் கொஞ்சம் யோசித்து, உள்ளே இருக்கிறவன் என்ன பதில் சொல்வான் என்று அங்கேயே முடிவு செய்வார். போன வாரம் இதே ஊரில் நீங்கள் ஒரு கடைக்காரரை ஏமாற்றியது அவருக்கு நினைவிருக்கும். இந்த வாரம் அந்தக் கடைக்காரரின் தம்பி கத்தியோடு வந்து நிற்பான்.

ஆக, அந்த மேஜையில் இரண்டு சங்கதிகள் இருந்தன. ஒன்று கணக்கு, இன்னொன்று காது. கணக்கு கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எழுபதுகளின் நடுவிலேயே அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் பிளேட்டோ என்ற கம்ப்யூட்டர் வலையில் குகைக்குள் இறங்கி அரக்கர்களை வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். 1981-ல் விசார்ட்ரியும் அல்டிமாவும் கடைக்கு வந்தன. பகடை உருட்டுவது, அடி வாங்குவது, லெவல் ஏறுவது எல்லாம் அப்போதே ஆகிவிட்டது. காது மட்டும் வரவில்லை. ஒரு மனுஷரை டிஸ்க்குக்குள் எப்படி அடைப்பது? அன்றிலிருந்து இன்றுவரை நல்ல ஆர்பிஜி என்று பெயர் வாங்கியவை இந்தக் கேள்விக்கு ஏதாவது ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தவை. என் கட்சி இதுதான்.

முதல் குறுக்குவழி 1985-ல் வந்த அல்டிமா நான்காம் பாகத்தில் இருக்கிறது. ரிச்சர்ட் கேரியட் உருவாக்கியது. கடைசியில் வெட்டிச் சாய்க்க ஒரு வில்லன் கிடையாது. நேர்மை, இரக்கம், வீரம் முதலான எட்டுக் குணங்களில் நீங்கள் தேற வேண்டும், அவ்வளவுதான். அந்த உலகத்தில் மந்திரத்துக்கான மூலிகை விற்கிற கடை உண்டு. விற்பவருக்குக் கண் தெரியாது. அவர் விலையைச் சொல்வார், எவ்வளவு காசு வைக்கிறீர்கள் என்பதை நீங்களே டைப் செய்ய வேண்டும். குறைத்து வைத்தாலும் மூலிகை கைக்கு வந்துவிடும். காவலன் ஓடி வரமாட்டான், திரையில் எச்சரிக்கை எதுவும் வராது. உள்ளுக்குள் மட்டும் உங்கள் நேர்மைக் கணக்கு இறங்கும். அந்தக் கணக்கை நீங்கள் பார்க்கவும் முடியாது. அரண்மனையில் ஹாக்விண்ட் என்ற ஞானியிடம் போய், நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டால்தான் தெரியும். கண்ணில் பட்ட பெட்டியை எல்லாம் திறந்து சுருட்டுவதே சாமர்த்தியம் என்று பழகிய பிளேயர்களுக்கு, யாரோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பது அங்கேதான் உறைத்தது.

பத்து வருடம் கழித்து, 1995-ல் ஜப்பானில் ஸ்கொயர் நிறுவனம் வெளியிட்ட குரோனோ டிரிகர் இதே வித்தையை இன்னும் அழகாகச் செய்தது. கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். ஆரம்பத்தில் ஒரு திருவிழா. கூட்டத்தில் ஒரு பெண்மேல் மோதிவிடுகிறீர்கள். அவள் விழுகிறாள், அவளுடைய பதக்கமும் தெறித்து விழுகிறது. பதக்கத்தை முதலில் எடுப்பீர்களா, அவளை முதலில் விசாரிப்பீர்களா? கேம் எதுவும் கேட்பதில்லை, உங்கள் பாட்டுக்கு விட்டுவிடுகிறது. மைதானத்தில் ஒரு பெரியவரின் சாப்பாடு மேஜைமேல் இருக்கிறது. பட்டனை அழுத்தினால் தின்றுவிடலாம். ஆர்பிஜி ஆடுகிற கை சும்மா இருக்குமா? ஒரு சிறுமி பூனையைத் தொலைத்துவிட்டு நிற்கிறாள். உதவினாலும் சரி, கடந்து போனாலும் சரி.

அப்புறம் கதை எங்கெங்கோ போகிறது. திரும்பி வந்தால், அந்தப் பெண் இளவரசி என்றும் நீங்கள் அவளைக் கடத்தினீர்கள் என்றும் வழக்கு. நீதிமன்றத்தில் உங்களை நிறுத்துகிறார்கள். சாட்சிகள் வருகிறார்கள். சாப்பாட்டைப் பறிகொடுத்த பெரியவர் வருகிறார். பூனையைத் தேடிக் கொடுத்திருந்தால் அந்தச் சிறுமி வந்து உங்களுக்காகப் பேசுகிறாள். முதலில் பதக்கத்தைத்தானே எடுத்தாய் என்று கேள்வி வருகிறது. முதல் தடவை ஆடியவர்கள் யாரும் இந்த இடத்தை மறந்திருக்கமாட்டார்கள்.

கேம் செய்ய நினைக்கும் மாணவர்கள் இங்கே இருப்பதால் சொல்கிறேன்: இதற்குள் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. நாலைந்து ஆம்-இல்லை குறிப்புகளை எழுதி வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து எடுத்துப் படித்தார்கள். இன்னொன்று: ஜூரி குற்றவாளி என்றாலும் நிரபராதி என்றாலும் நீங்கள் சிறைக்குத்தான் போகிறீர்கள்! கதை கிளை பிரிந்தே ஆக வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இங்கே கிளை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆனாலும் யாரும் ஏமாந்ததாக உணர்வதில்லை, ஏனென்றால் செய்த காரியத்துக்கு ஒரு சாட்சி இருந்தது.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் அதே ஜப்பானில் உண்டு. 1986-ல் வந்த முதல் டிராகன் குவெஸ்ட்டில் இளவரசி கேட்கும் கேள்விக்கு 'இல்லை' என்று சொல்லலாம். சொன்னால், அப்படிச் சொல்லக்கூடாது என்று மறுபடி அதையே கேட்பாள். 'ஆம்' என்கிறவரை விடமாட்டாள். அதை வடிவமைத்த யூஜி ஹோரி பின்னால் குரோனோ டிரிகர் செய்த குழுவிலும் இருந்தார் என்பது எனக்குப் பிடித்த தகவல். இளவரசியைச் சிரித்துக்கொண்டே மன்னித்துவிடலாம். இன்றைக்குக் கோடி கோடியாகக் கொட்டி எடுக்கும் கேம்களில் நாலு பதிலைக் காட்டிவிட்டு, எதை அமுக்கினாலும் எதிராளி ஒரே வசனத்தைப் பேசினால் அதற்கு என்ன சாக்கு?

காது இருபக்கமும் வேண்டும். 2002-ல் வந்த மாரோவிண்டில் யாராவது உங்களை ஓர் இடத்துக்கு அனுப்பினால் வாயால்தான் வழி சொல்வார்கள்: வடக்கே போ, பாலம் வரும், தாண்டி இடப்பக்கம் திரும்பு. வழிதவறித் திட்டிக்கொண்டே அலைவோம். ஆனால் அவர் பேசியதைக் கேட்டிருப்போம். அதே பெதெஸ்டா நிறுவனம் 2006-ல் கொண்டுவந்த ஆப்லிவியனில் திசைகாட்டியில் ஒரு குறி வந்துவிட்டது. வேலை முடிந்து அசதியோடு வந்து உட்காருகிறவர்களுக்கு அது வசதிதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் குறியைப் பார்த்து ஓட ஆரம்பித்த பிறகு ஊர்க்காரர் பேசுவதை முழுதாகக் கேட்கிறவர் எத்தனை பேர்? அந்த கேமில் இன்னொரு வேடிக்கை. உங்கள் லெவல் ஏற ஏற எதிரிகளும் கூடவே ஏறுவார்கள். கடைசியில், கொஞ்சம் காசுக்காக வழிமறிக்கும் சில்லறைக் கொள்ளைக்காரன்கூட நாட்டிலேயே விலை உயர்ந்த கவசங்களில் ஒன்றை மாட்டிக்கொண்டு நிற்பான். அதை விற்றால் அவன் ஒரு வீடே வாங்கலாமே!

கவனிக்கிற கேம் சில கதவுகளை உங்கள் முகத்திலேயே சாத்தும். 1997-ன் ஃபால்அவுட்டை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தியைக் குறைத்து, வலுவை ஏற்றி ஒரு ஆளை உருவாக்கினால் அவனால் ஒழுங்காகப் பேசவே முடியாது. உறுமல்தான். ஊரில் பாதிப்பேர் அவனிடம் வேலை கொடுக்கமாட்டார்கள். மாறாக, பேச்சும் அறிவும் உள்ள ஆளாக இருந்து, தேட வேண்டியதைத் தேடி எடுத்திருந்தால், கடைசி வில்லனிடம் ஒரு குண்டுகூடச் சுடாமல் ஜெயிக்கலாம். அவன் உருவாக்கும் புதிய மனித இனத்தால் பிள்ளை பெற முடியாது என்று ஆதாரத்தைக் காட்டினால் போதும், அவன் நொறுங்கிப் போவான். எல்லாக் கதவும் எல்லோருக்கும் திறந்தால் நான் இந்த ஆளாக இருப்பதற்கும் அந்த ஆளாக இருப்பதற்கும் என்ன வித்தியாசம்?

இந்தத் திசையில் எனக்குத் தெரிந்து மிகத் தூரம் போனது 2019-ல் எஸ்டோனியாக்காரர்கள் செய்த டிஸ்கோ எலிசியம். குடித்துக் குடித்துத் தன் பெயரையே மறந்துபோன போலீஸ்காரர் நீங்கள். வாள் இல்லை, அரக்கன் இல்லை, தனியாகச் சண்டை என்று ஒன்று கிடையாது. இருபத்துநான்கு திறமைகள் உண்டு. ஒவ்வொன்றும் உங்கள் மண்டைக்குள் தனிக் குரலில் பேசும். பொது அறிவை ஏற்றிவிட்டால் கேட்காத தகவலை எல்லாம் கொட்டும். அதிகாரத்தை ஏற்றினால், எதிரே நிற்பவனை மிரட்டு மிரட்டு என்று நச்சரிக்கும். கேம் தொடங்கியதும் மின்விசிறியில் உங்கள் டை சுற்றிக்கொண்டிருக்கும். உடம்பு மிகவும் பலவீனமான ஆளை உருவாக்கியிருந்தால், அதை எட்டிப் பிடிக்கப் போய் மாரடைப்பில் செத்துவிடலாம். அறையை விட்டு வெளியே காலே வைத்திருக்கமாட்டீர்கள்!

அதைவிட முக்கியம், பகடை கவிழ்ந்தாலும் பெரும்பாலும் கதை நிற்பதில்லை. அசிங்கப்படுவீர்கள், கூட வரும் கிம் கிட்சுராகி ஒரு பார்வை பார்ப்பார், வேறு வழி பிறக்கும். பல இடங்களில் ஜெயித்தவரைவிடத் தோற்றவருக்குத்தான் நல்ல வசனம்.

சேவ்-லோட் செய்து, அதாவது முன்பு பதிந்து வைத்த இடத்துக்குத் திரும்பிப் போய் முடிவை மாற்றி ஆடி, தப்பிக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அதற்கு விட்சர் மூன்றாம் பாகத்தில், 2015-ல், போலந்துக்காரர்கள் செய்த வைத்தியம் எளிது: விளைவைத் தள்ளிப் போட்டார்கள். மரத்துக்குள் சிறைப்பட்ட ஆவியை விடுவிக்கலாமா, கொல்லலாமா? விடுவித்தால் குழந்தைகள் பிழைக்கிறார்கள், ஒரு கிராமம் அழிகிறது, ஒரு கணவன் தூக்கில் தொங்குகிறான். ஆனால் இது தெரியவருவது ரொம்ப நேரம் கழித்து. அவ்வளவு தூரம் திரும்பிப் போக யாருக்குப் பொறுமை இருக்கிறது?

இனி செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, ஊர்க்காரர் ஒவ்வொருவரும் எதைப் பற்றியும் பேசுவார், காதுப் பிரச்சினை தீர்ந்தது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நல்ல டஞ்சன் மாஸ்டர் 'முடியாது' என்றும் சொல்வார். கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிற உலகத்தில் ஏமாற்றவும் ஆள் இல்லை, தண்டிக்கவும் ஆள் இல்லை.

பணம் இருந்தால்தான் இதெல்லாம் முடியும் என்று மாணவர்கள் நினைக்க வேண்டாம். 2015-ல் வந்த அண்டர்டேலை டோபி ஃபாக்ஸ் பெரும்பாலும் தனியாளாகவே செய்தார். படங்கள் பழைய கால கேம் மாதிரிதான். அதில் ஆரம்பத்தில் உங்களைப் பிள்ளைபோல் பார்த்துக்கொள்ளும் டோரியல் என்ற தாயைத் தெரியாமல் கொன்றுவிடுகிறீர்கள். மனசு கேட்காமல் பழைய சேவை லோட் செய்து, இந்தத் தடவை அவளைக் கொல்லாமல் தப்பி வெளியே வருகிறீர்கள். அங்கே ஒரு பூ காத்திருக்கும். "நீ அவளைக் கொன்றாய், அப்புறம் வருத்தப்பட்டுத் திரும்பிப் போனாய், எனக்குத் தெரியும்" என்கிற மாதிரிப் பேசும்.

ஒரு சின்ன ஊர், பத்துப் பேர், அவர்களுக்குக் கொஞ்சம் ஞாபகசக்தி. முதல் ஆர்பிஜிக்கு இவ்வளவு போதும், செய்து பாருங்கள். இப்போது உங்கள் கேள்விகளுக்கு வரலாம்.